வீட்டுக்காரர் போட்டுக்கொடுத்த விண்டோ மேனேஜர்

இன்று மதியம் வீடியோ காலில் வீட்டுக்காரரைத் தொலைத்துவிட்டேன்!

(கிடைத்துவிட்டார். யாரும் பதற வேண்டாம்.)

சங்கராபுரத்தில் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, வினாத்தாள் எல்லாம் டைப் செய்து கொடுக்கிறேன். என் லேப்டாப் பழசு. முன்பெல்லாம் ஆன் செய்துவிட்டுப் போய் சோறு வடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மஸ்கட்டுக்கு வேலைக்குக் கிளம்புகிற வாரத்தில் அவர்தான் அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றி, திறக்கிற விண்டோக்களைத் திரையில் அடுக்கித் தருகிற ஒரு லைட்வெயிட் விண்டோ மேனேஜரைப் போட்டுக் கொடுத்தார்.

நிறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பறக்கிறது! எத்தனை விண்டோ திறந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. தானாகவே பக்கத்தில் பக்கத்தில் இடம் பிரித்துக்கொள்ளும்.

குறை? ஐகான் கிடையாது, ஸ்டார்ட் மெனு கிடையாது. ஆன் செய்தால் வெறும் கறுப்புத் திரை. எல்லாமே கீபோர்டில்தான். எந்தக் கீ எதற்கு என்று வைத்ததும் அவர்தான்.

இதில் ஒரே லேப்டாப்புக்குள் ஒன்பது திரை வேறு, கீயை அழுத்தி மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்! ஒன்றைப் பார்க்கும்போது மற்றது தெரியாது.

இன்று அவருக்கு லீவு. நானும் மாமியாரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். அவர் முகம் வந்தது. ரொம்ப இளைத்திருந்தார்.

நாலாம் திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அங்கே போகும் கீயை அழுத்தியவள், பதற்றத்தில் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்திவிட்டேன். ஷிஃப்ட் சேர்ந்தால் நாம் போகமாட்டோம், எதிரில் இருக்கும் விண்டோ போய்விடும்.

அவ்வளவுதான். அவர் முகம் நாலாம் திரைக்குப் போய்விட்டது. எங்கள் எதிரில் கறுப்பு.

"அய்யோ, எங்கடி போனான் எம்புள்ள? இப்பத்தான பேசிக்கினு இருந்தான்!"

"இங்கதாம்மா இருக்கறேன்!" என்றது கறுப்புத் திரை.

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அவர் போனதிலிருந்து இந்த வீட்டில் அவர் இப்படித்தான் இருக்கிறார், குரலாக மட்டும். எனக்கு அவர் நேரில் வேண்டும் போலிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலாம் திரைக்குப் போனேன். பாட்டுக்குப் பக்கத்தில், பாதித் திரையில் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்டார்:

"இன்னாம்மா, ரொம்ப கஷ்டமா இருக்குதா? இங்கருந்தே உள்ள பூந்து ஐகான் வர்ற மாதிரி மாத்திடறேன். கொஞ்ச நேர வேலைதான்."

"அதெல்லாம் வேணாங்க. நீங்க லீவுல வந்து மாத்திக் குடுங்க."

"இதுக்குன்னு நான் வரணுமா?"

"பின்ன? எனக்கு இன்னா தெரியும் இதெல்லாம்?"

(எல்லாக் கீயும் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். இன்று தவறியது அந்த முகத்தைப் பார்த்ததால். அவர் ஃபேஸ்புக்கில் இல்லை, யாரும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்!)

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்து, "ஆமாண்டா, ரிப்பேரு ரொம்ப ஜாஸ்தியா இருக்குது. சீக்கிரம் வந்துட்டுப் போ" என்றார்.

இதைப் போடலாமா என்று யோசிக்கிற நண்பர்களுக்கு என் அனுபவம் இதுதான்.

குறை: சரிசெய்ய, போட்டுக் கொடுத்த ஆள் நேரில் வர வேண்டும்.

நிறை: சரிசெய்ய, போட்டுக் கொடுத்த ஆள் நேரில் வர வேண்டும்!