ஆடிக்கு அழைத்து வந்த குற்றம்

2007ஆம் ஆண்டு, புதுச்சேரி முத்தியால்பேட்டை. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று எங்கள் அம்மா கையால் கூழ் வாங்கிக் குடித்த ஒருவர்தான், என் தங்கையின் கல்யாணத்தைப் போலிக் கல்யாணமாக்கினார்.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் புதுச்சேரி அலுவலகத்தில் செய்தி திருத்தும் வேலையில் இருந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே முறை. இதையும் அப்படியே சொல்கிறேன்.

என் தங்கை பிசியோதெரபி படித்தவள். உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றில் வேலை பார்த்தாள். அங்கே மூன்று வருட ஒப்பந்தத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒருவர் பயிற்சியாளராக வந்தார். எந்த நாடு என்பது வேண்டாம். பிரான்ஸ் இல்லை. ஆனாலும் எங்கள் ஊரில் வெள்ளைத் தோல் என்றால் எல்லோருக்கும் ஃப்ரெஞ்சுக்காரர்தான். இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தார்கள். பிறகு ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, மனப்பாடம் செய்து வைத்திருந்த தமிழில் அப்பாவிடம் பெண் கேட்டார்.

புதுச்சேரியைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே 'நேஷனாலிட்டி' என்பது தெருவில் புழங்கும் சொல். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கல்யாணச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. பாஸ்போர்ட்டுக்காக மட்டுமே நடந்த கல்யாணங்களும் உண்டு. அப்படிப்பட்ட வழக்குச் செய்திகளை நானே திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அதனால் சந்தேகமே படக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை.

தெரு சந்தேகப்பட்டது. அப்பா மில்லில் வேலை பார்த்து, மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். டீக்கடையில் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என்னாப்பா, குடும்பத்தோட பிளேன் ஏறப் போறியாமே. எங்களுக்கும் ஒரு வெள்ளைக்காரிய பாத்து விடேன்."

"மில்லு மூடுனப்பவே எவளாவது கேட்டுருந்தா ஏறியிருப்பேன்" என்றார் அப்பா. "அப்ப எவளும் கேக்கல. இப்ப எனக்கு முட்டி வலி."

இந்த அளவுக்கு எங்களால் தாங்க முடிந்தது. சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

திருமணத்தை முறைப்படி பதிவு செய்துவிட்டு, ஆனி மாதத்தில் தாலி கட்டினார்கள். ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடித்தனம் வைத்தார்கள். ஆவணிக் கடைசியில் அவருடைய ஒப்பந்தமும் விசாவும் முடிகின்றன. அவர் ஊரில் அவருடைய அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. இருவரும் சேர்ந்து போய்க் கூட இருந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அதனால் கல்யாணம் முடிந்த கையோடு தங்கைக்கு விசா கேட்டு விண்ணப்பித்தார்கள். சேர்ந்து போக முடியுமா என்பது அந்த விசாவில்தான் இருந்தது.

இதற்கு நடுவில் ஆடி பிறந்தது.

எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு விருந்து போட்டு, துணி எடுத்துக் கொடுத்து, அவரை மட்டும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பது காரணம். நான் வேண்டாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. வெள்ளைக்காரன் என்பதற்காக முறை செய்யாமல் விட்டால் தெரு என்ன பேசும் என்பது அவர் கவலை. மாப்பிள்ளையையே கேட்டுவிட்டார்.

"மாப்ள, ஒரு மாசம் அவ எங்க வீட்ல இருக்கட்டும். நீங்க அங்க இருங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"வேலையில பாக்கலாமா, அத்தை?" என்று அவர் தமிழிலேயே கேட்டார்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "பகல்ல பாத்துக்குங்க. அது பரவால்ல."

அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார். தினமும் மாலையில் மையத்திலிருந்து தங்கையை எங்கள் தெருமுனை வரை சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அம்மா வாசலில் நிற்பதைப் பார்த்தால் கைகூப்பி வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார். இப்படியொரு மாப்பிள்ளை எங்கள் சொந்தத்திலேயே வாய்த்ததில்லை என்று சித்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் ஐம்பது தாண்டியவர். அரைக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி. நம் ஊர்க்காரர், நம் தமிழ். விசா அலுவலகத்துக்காக உள்ளூரில் விசாரித்துக் கொடுக்கும் ஆள். ரெட்டியார்பாளையத்து வீட்டைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரம்மாவிடம் பேசிவிட்டு, எங்கள் தெருவுக்கு வந்தார். நான்கைந்து வீடுகளில் விசாரித்தார். கடைசியில் கோயில் பந்தலுக்கு வந்தார். அம்மா கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு இங்கதான் இருக்குதாம்மா?"

"ஆமாங்க. ஆடிக்குக் கூட்டியாந்துருக்கோம். ஆவணி பொறந்ததும் கொண்டுபோயி விட்டுடுவோம்."

"செய்ய வேண்டியதுதான்" என்றார் அவர். டம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா. கருவாட்டுக் கொழம்பு நல்லா இருக்குது."

அம்மாவுக்குச் சந்தோஷம். நல்ல மனுஷன், முறை தெரிந்தவர் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடி முடிவதற்குள் சென்னையில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். உள்ளே என்னை விடவில்லை. கணவனையும் மனைவியையும் தனித்தனி அறையில் வைத்துக் கேட்டார்கள். வெளியே வந்த தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, திண்டிவனம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

விசாரணை அறிக்கையை மொழிபெயர்ப்பாளர் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். மனைவி பெற்றோர் வீட்டில் வசிக்கிறார். கணவர் வாடகை வீட்டில் தனியாக வசிக்கிறார். அந்த வீட்டில் பெண்ணின் துணிமணிகள் இல்லை. இதை அக்கம்பக்கத்தினர் உறுதிசெய்தனர். அவ்வளவுதான். ஆடி என்ற சொல்லே இல்லை.

"நான் ஆடின்னு சொன்னேன்க்கா. அந்தம்மா அத மாத்திச் சொல்லத் தெரியாம முழிச்சாங்க. அப்பறம் 'மத சம்பிரதாயம்'னு சொன்னாங்க போல. உடனே கேள்வி கேட்ட ஆபீசரு, உன் புருஷன் உங்க மதம் இல்லையே, அவனுக்கு எதுக்கு சம்பிரதாயம்னு கேட்டான்."

அடுத்த அறையில் மாப்பிள்ளையிடமும் இதையே கேட்டிருக்கிறார்கள். இந்த வழக்கத்தை நீங்கள் நம்புகிறீர்களா? அவர் பொய் சொல்லத் தெரியாதவர். இல்லை என்றார். பிறகு ஏன் பிரிந்திருக்கிறீர்கள்? மாமியார் கேட்டுக்கொண்டார், அதனால் என்றார். மனைவி சொல்லும் காரணத்தைக் கணவனே நம்பவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு தங்கையிடம், அவர் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்டார்கள். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. அதையும் குறித்துக்கொண்டார்கள்.

ஆவணி இரண்டாம் வாரம் விசா மறுக்கப்பட்டது. உண்மையான இல்லறம் இருப்பதாகத் தெரியவில்லையாம். அப்போது தங்கை ரெட்டியார்பாளையத்து வீட்டில் அவருக்கு மோர்க்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

விசாரிக்க வந்தவர் வீட்டுக்காரம்மாவிடம் தன் போன் நம்பரைக் கொடுத்திருந்தார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் அவர் அலுவலகம். போய் நின்றேன். அடையாளம் தெரிந்துகொண்டு உட்காரச் சொன்னார். கத்தக்கூடாது என்று தீர்மானித்துப் போயிருந்தேன். கத்தவில்லை.

"ஆடிக்கு வந்துருக்குதுன்னு எங்கம்மா உங்ககிட்ட சொன்னாங்க இல்ல சார்? நீங்க ஏன் அத எழுதல?"

"ஒண்ணா இருக்காங்களான்னு பாத்து எழுதுன்னாங்க. இல்லன்னு எழுதுனேன். பொய்யா எழுதுனேன்? நீங்களே சொல்லுங்க."

"ரெண்டு பேரும் ஒரே எடத்துல தினம் வேல பாக்கறாங்க. அங்க போயி கேட்டிங்களா?"

"நான் வந்தது ஞாயித்துக்கெழம மேடம். அங்க பூட்டியிருக்கும்."

"உங்க வீட்டுல ஆடிக்குப் பொண்ண அழைக்கற பழக்கம் கெடையாதா?"

அவர் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார். அதுதான் என்னால் மறக்க முடியாதது.

"இல்லாம? என் மருமவளே போன வாரந்தான் அவங்க அம்மா வீட்டுலேர்ந்து திரும்பி வந்துச்சு. அது நம்ம பழக்கம் மேடம். வெள்ளைக்காரனுக்கு எதுக்கு ஆடி? அதுதான் எனக்கு இடிச்சுது. நெசமாவே ஆசப்பட்டுக் கட்டுனவன்னா, மாமியா சொன்னாங்கன்னு பொண்டாட்டிய ஒரு மாசம் விட்டுட்டு இருப்பானா? பேசி வச்சிக்கிட்டுச் செய்யறாங்கன்னு பட்டுது."

"அப்ப உங்க மவன்?"

"அவன் நம்ம பையன்."

நான் எழுந்துகொண்டேன். அவர் மகன் மனைவியைப் பிரிந்திருந்தால் அது மரியாதை. எங்கள் மாப்பிள்ளை பிரிந்திருந்தால் மோசடி. ஆடியை மதிக்காமல் பெண்டாட்டியைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால், இதே மனிதர் கூழ்ப் பந்தலில் நின்று, வெள்ளைக்காரனுக்கு நம் முறை எங்கே தெரியும் என்று பேசியிருப்பார். படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு, "மறுபடி எழுதிப் போடுங்க மேடம், பாப்பாங்க" என்று ஆலோசனை வேறு சொன்னார்.

எழுதிப் போட்டேன். வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் மிகக் கேவலமான எழுத்து அதுதான். எங்கள் வீட்டுப் பெண் எந்த மாதத்தில் கருத்தரிக்கக் கூடாது என்று நாங்கள் நினைக்கிறோம், ஏன் நினைக்கிறோம் என்று முன்பின் தெரியாத ஓர் அரசாங்கத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அப்பாவிடம் கையெழுத்து வாங்கும்போது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை. தன்னால்தான் இவ்வளவும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

மாப்பிள்ளை தனியாக விமானம் ஏறினார். அவர் அம்மாவின் அறுவை சிகிச்சையின்போது கூட இருக்க வேண்டியவள், முத்தியால்பேட்டையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரிந்து வாழ்கிறார்கள் என்று எழுதினார்கள். பிறகு, எழுதியதை அவர்களே உண்மையாக்கினார்கள். தெருவில் கேள்வி மாறியது. "போனவன் பணமாவது அனுப்பறானா?" என்று கேட்டார்கள். டீக்கடைக் கூட்டாளி மட்டும் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் வந்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாராம். கிண்டலைத் தாங்கிய அப்பாவுக்கு அந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை. அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

மாசி மாதம் சென்னைக்கு மறுபடியும் கூப்பிட்டார்கள். வேறொரு அதிகாரி. இரண்டே கேள்விகள் கேட்டுவிட்டு விசா கொடுத்துவிட்டார். முதலில் மறுத்தது தவறு என்று ஒரு வார்த்தை இல்லை. தங்கை மொழிபெயர்ப்பாளரிடம், "எங்க மேல இருந்த சந்தேகம் போயிடுச்சான்னு அவர்கிட்ட கேளுங்க" என்றாளாம். அந்தம்மா கேட்டார். அதிகாரி சிரித்தபடி, உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று மட்டும் சொன்னார்.

அவள் போனாள். அங்கேயும் ஒவ்வொரு முறை தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போதும் சேர்ந்து வாழ்வதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். நான் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் தங்கை கேமராவை என்னிடம் நீட்டினாள். இருவரும் நெருக்கமாக உட்கார்ந்து, பின்னால் நாட்காட்டி தெரிகிற மாதிரி பார்த்துக்கொண்டார்கள். சற்று முன்புதான் எதற்கோ சண்டை போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் முகத்தில் அது இன்னும் இருந்தது. ஆனாலும் சிரித்தார்.

"எதுக்கு இப்ப போட்டோ?" என்றேன்.

"எதுக்கும் இருக்கட்டும்க்கா" என்றாள்.

சந்தேகப்பட்டவர்கள் கோப்பை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள், இவர்கள்தான் தங்கள் சொந்த வாழ்க்கைக்குத் தாங்களே சாட்சி சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.