புகையைக் குறைத்தது எது

மின்புலம் என்றால் என்னவென்று இமெல்டாவுக்குப் பிடிபடவே இல்லை. "எண்ணெய்த் துளிக்குக் கரண்ட் ஏத்தினா, ஒண்டை ஒண்டு தள்ளிப் பொடிப்பொடியா உடையும் அக்கா. பொடித்துளி நல்லா எரியும், புகை குறையும்" என்று ஆராய்ச்சி மாணவன் ஜெயந்தன் எத்தனையோ தரம் சொல்லிவிட்டான். அவள் தலையாட்டுவாள். ஆட்டிய தலைக்குள் ஒன்றும் போகாது.

ஓட்டமாவடியில் ஹமீட் நானாவின் டீசல் பம்ப் திருத்தும் கடையில் பதினொரு வருடம் எண்ணெய் பீச்சும் நொசில் கழுவியவள், இப்போது வாவிக்கரை ஆய்வுகூடத்தில் உதவியாளர். விமான டேர்பைன் என்ஜினின் எரியறையைப் போலச் சிறிதாய்ச் செய்த பெட்டிக்குள் நொசில் மண்ணெண்ணெயைப் பீச்சும், அது எரியும். கரண்ட் இல்லாமல் ஒரு ஓட்டம், கரண்ட் கொடுத்து ஒரு ஓட்டம். வரும் புகையில் வெள்ளைத்தாள் பிடிப்பது இமெல்டாவின் வேலை. கரண்ட் இல்லாத தாள் சட்டிக்கரி போல வரும். கொடுத்த தாள் வெறும் சாம்பல் நிறம். இரண்டு வருடமாக அப்படித்தான். அடுத்த கிழமை ஜெயந்தன் அந்தத் தாள்களைக் காட்டித்தான் பட்டம் வாங்கப் போகிறான்.

புதன்கிழமை காலை நொசிலைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றுவிட்டது. உப்புக்காற்றின் ஈரம் இருந்தால் பொறி பறக்கும் என்று, கரண்ட் கொடுக்கும் முன் மட்டும் துடைக்கச் சொல்லியிருந்தார்கள். கடைப் பழக்கம் விடுமா? ஈரத்தோடு நொசில் வாயில் படிந்த கரியையும் அவள் வழித்தெடுத்து விடுவாள். மற்ற ஓட்டத்துக்குத் துடைப்பதே இல்லை. கரி படிந்த நொசில் புகை கக்கும் என்பது கடையில் அவள் கண்டது. அப்படியென்றால் புகையைக் குறைத்தது கரண்டா, துணியா?

துடைத்துவிட்டுக் கரண்ட் இல்லாமல் ஓட்டிப் பார்த்தாள். தாள் சாம்பல் நிறமாக வந்தது. மறுபடி துடைத்து, கரண்ட் கொடுத்து இன்னொன்று எடுத்தாள். ஜன்னலடியில் பார்த்தால் அது கொஞ்சம் வெளிறித் தெரிந்தது, லைட்டின் கீழ் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. பேசாமல் இருந்துவிடலாம், ஒருவருக்கும் தெரிய வராது. பத்தாம் வகுப்போடு நின்ற தனக்கு இதில் என்ன விளங்கும் என்றும் பயமாக இருந்தது.

ஜெயந்தன் வந்ததும் இரண்டு தாள்களையும் நீட்டினாள். "தம்பி, இது சரியா பிழையா எண்டு எனக்கே தெரியல்ல. கரண்ட் குடுக்கிற நேரம் மட்டும் நான் கரியையும் துடைச்சிருக்கன். இண்டைக்குத் துடைச்சிட்டுக் கரண்ட் இல்லாம ஓட்டினன், அதுவும் சாம்பலாத்தான் வந்திருக்கு."

"கரண்ட் ஓட்டம் எல்லாத்துக்குமா அக்கா?"

"ஓம்."

அவன் கதிரையில் உட்கார்ந்து இரண்டு தாள்களையும் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தான்.

"நீங்க சொல்லாட்டி நான் பட்டம் வாங்கியிருப்பன்" என்றான்.

அது நன்றியா, ஏச்சா? அவன் முகத்தைப் பார்த்தும் இமெல்டாவுக்கு விளங்கவில்லை.