ரெண்டு கட்டியவள்

சிபானா ஆண்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்துக்குப் பின்னால் நிற்கிற சுவரைத்தான் பார்ப்பாள். டேட்டிங் ஆப்பில் ஒருவனுடைய படம் வந்ததும் போனைக் கண்ணருகே கொண்டுபோவாள். சுவர் பூசி, பெயின்ட் அடித்து, திரைச்சீலையும் தொங்கினால் ஆளை இடப்பக்கம் தள்ளிவிடுவாள். பூசாத சுவரில் கல் தெரிந்தாலோ, தூணின் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு நின்றாலோ அவளுக்கு வாயெல்லாம் பல். "இவர் கட்டுவாரு" என்று வலப்பக்கம் தள்ளுவாள்.

வீட்டுப் பிளான் கீறப் படித்த சாய்ந்தமருதுப் பெண் அவள். டிப்ளோமா முடித்த பிறகு வேலை கேட்டு ஏறி இறங்காத கந்தோர் இல்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். பெண்பிள்ளைக்கு வெயிலில் சைட்டுக்குப் போக ஏலுமா என்று கேட்டு, அதே மரியாதையோடு அனுப்பியும் வைத்தார்கள். வேலை தேடுகிற தளங்களில் பெயர் போட்டாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் ஜோடி தேடுகிற இடத்தில் கூட்டத்துக்கா பஞ்சம்!

அவளுடைய யோசனை நேரானது. இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். கட்டாரில் கிடந்து உழைக்கிற காக்காமார், அதாவது அண்ணன்மார், தங்கச்சிக்கு வீட்டை எழுப்பிக்கொண்டேதான் தங்களுக்கும் பெண் தேடுகிறார்கள். ஆகவே அவள் ஒருவனிடமும் வயது கேட்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை. "எத்தின தங்கச்சிமாரு?" என்பதுதான் முதல் கேள்வி. தன் முகம் இருக்கவேண்டிய இடத்தில், தான் கீறிய மாடிப்படி ஒன்றைப் போட்டிருந்தாள். அப்படியும் அவள் கீறிய பிளானில் மருதமுனையில் ஒரு வீடு, நிந்தவூரில் ஒரு வீடு முடிந்து, காரைதீவில் மூன்றாவதற்குக் கூரை ஏறிக்கொண்டிருந்தது. கெட்டிக்காரிதான்.

உம்மாவுக்கு இது வேலையாகவே தெரியவில்லை. ஊருக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும் என்று நடுங்கினாள். நோன்புப் பெருநாளுக்குள் நிலையான வேலை கிடைக்காவிட்டால், காட்டுகிற மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். சிபானாவும் ஓம் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். நோன்பும் பாதி கழிந்துவிட்டது. அவளுக்கு உள்ளுக்குள் பயம்தான்.

அந்த நேரத்தில்தான் டோஹாவிலிருந்து பாலமுனை றாஸிக் கேட்டான்: "நீங்க கட்டிட்டீங்களா?"

அவன் கேட்டது கலியாணத்தை. சிபானாவுக்கோ வீட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. மளமளவென்று எழுதினாள்: "ரெண்டு கட்டியிருக்கன். மூணாவது நடக்குது. உங்களுக்கும் வேணுமெண்டா சொல்லுங்க, செய்வம்." கீழே வழக்கம்போல வீட்டு விலாசத்தையும் போட்டாள்.

பாவம் றாஸிக், பதறிப்போய் அதை அப்படியே தாய்க்கு அனுப்பினான். தாய் ஹவ்வா உம்மா லேசுப்பட்டவர் அல்ல. அக்கரைப்பற்றில் சீமெந்தும் கம்பியும் விற்கிற பெரிய கடையைத் தனியாளாக நடத்துகிறவர். மூன்றாவது புருஷன் இருக்கும்போதே தன் மகனுக்கும் வலை வீசுகிறவளை நேரில் நாலு கேள்வி கேட்க, ஓட்டோவில் வந்து இறங்கினார்.

"ரெண்டு கட்டின புள்ள எங்க?"

உம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சிபானாவோ வாடிக்கை வந்துவிட்ட சந்தோஷத்தில் ஓடிவந்தாள். "நான்தான் மாமி. வாங்க, மூணையும் காட்டுறன்."

மாமி என்றது ஹவ்வா உம்மாவை இன்னும் கொதிக்க வைத்தது. சிபானா லெப்டொப்பைத் திறந்து, "இதுதான் மூத்தது" என்றாள். திரையில் மருதமுனை வீடு. அடுத்தது நிந்தவூர். ஹவ்வா உம்மா வீட்டைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பிறகு கண்ணில் நீர் வழிகிறவரை சிரித்தார். மகன் கேட்டது கலியாணத்தை என்று சிரிப்புக்கிடையே சொன்னார். விஷயம் விளங்கியதும் சிபானா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆனால் ஹவ்வா உம்மாவின் கண் திரையை விட்டு நகரவில்லை. தண்ணீர் எங்கே இறங்கும், காற்று எந்தப் பக்கம் வரும் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"கடைக்கு வாற ஆக்களெல்லாம் பிளானுக்கு ஆள் கேக்கிறாங்க. நாளைக்கு வந்து குந்து மகள், மாசச் சம்பளம். மகனுக்குப் பொண்ணு மறுகா பாப்பம். முதல்ல எனக்கு ஆள் வேணும்."

உம்மா அந்த இடத்திலேயே அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள்.

மறுநாள் காலை, பெண்பிள்ளைக்கு அதுதான் வசதி என்று கடையில் வேலை செய்கிறவர்கள் அவளுடைய மேசையைப் பின்னறையில் திரைக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். சிபானா கைப்பையை அதன்மேல் வைத்தாள். அபாயாவை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றத் தோளைக் கொடுத்து, சீமெந்து மூட்டைகளுக்கிடையால் மேசையைத் தள்ளிக்கொண்டே போய் வாசலில், தெருவைப் பார்க்கப் போட்டாள்.