ஒய்ஃப் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுவாங்க

என் கணவர் கிதார் வாசிப்பார். நான் கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுவேன். மேடையில் ஒரு சமையலறையைப் போட்டு, அதற்குள் புருஷன் பெண்டாட்டியாகவே நின்று சண்டை போடுவோம். வசனம் பாதி, பாட்டு பாதி. கிள்ளானில் எங்கள் மேல்மாடிக்காரர்கள் இதை டிக்கெட் இல்லாமலே கேட்கிறார்கள்.

அன்று பிரிக்பீல்ட்ஸில் ஷோ. நெடுஞ்சாலை நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது, வானொலிக்காக ஒரு பெண் போனில் அவரைப் பேட்டி எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், பாவம்.

"மியூசிக் எல்லாம் யாரு போடறது அண்ணே?"

"நான்தாம்மா. ஒய்ஃப் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுவாங்க."

ஹெல்ப்! மெட்டு அத்தனையும் நான் போட்டது. துணி காயப்போடும்போதும் முனகி முனகிப் பிடித்தவை. கதையும் வசனமும் அவருடையவை, அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை.

"நான் என்னா, வெங்காயம் உரிச்சுக் குடுக்கறேனா?" என்றேன், அவர் போனை வைத்ததும்.

"வாய் தவறி வந்துருச்சுலா, விடு."

விடுவதா? அந்த வார்த்தையை அவர் வாயாலேயே திரும்ப வாங்க வைக்காமல் ஓய்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

நாடகத்தின் கடைசியில் மனைவி மன்னிப்புக் கேட்டுப் பாட வேண்டும். அப்படி எழுதியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் முன்னிசை வாசித்தார். நான் பாடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மறுபடி வாசித்தார். கண்ணால் கெஞ்சினார். நான் கொட்டாவி விட்டேன். கூட்டம் சிரித்தது. அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாசித்தார்.

முன்வரிசையில் பட்டுப்புடவை கட்டிய ஓர் ஆன்டிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, அந்தப் புள்ள வாயத் தொறக்க மாட்டேங்குதுன்னா, நீ என்னமோ பண்ணிருக்கே. மன்னிப்பு கேளுலா!"

அவர் கிதாரை நிறுத்தினார். நெற்றி வேர்த்திருந்தது. "இப்ப வாசிச்சது என் மெட்டு இல்ல," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "இன்னைக்கு நீங்க கேட்டது எல்லாமே இவ போட்டது. நான் என்னோடதுன்னு சொல்லிட்டேன். தப்பு."

எனக்குக் கண் கலங்கியது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பாடிவிட்டேன். மன்னிப்பு வரும் வரிகளுக்கு மட்டும் 'லாலலா' போட்டுக்கொண்டேன்.

ஷோ முடிந்து வாசலில் அந்த ஆன்டி அவர் தோளைத் தட்டி, "என்னமா நடிச்சே தம்பி! நெஜம் மாதிரியே இருந்துச்சு," என்றார். இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காரில் ஏறியதும், "நல்ல சீனுலா அது. வச்சுக்கலாமா?" என்றார்.

"வச்சுக்கலாம். ஒவ்வொரு ஷோவுலயும் சொல்லுங்க," என்றேன்.

பூச்சோங், காஜாங், மேரு என்று எங்கே போனாலும் சொல்கிறார். வசனம் இப்போது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொல்லி முடித்ததும் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார், போதுமா என்று. நான் இன்னும் தலையாட்டவில்லை.