மைதீனின் கண்ணாடி

ஹைருன் பீவிக்கு வெள்ளெழுத்து வந்தது நாற்பத்து மூன்றாம் வயதில். அது நோயல்ல. நாற்பது தாண்டினால் யாருக்கும் வரும். கிட்டே பிடித்தால் மங்கும், தள்ளிப் பிடித்தால் தெளியும். ஒரு சாதாரணக் கண்ணாடி போதும். அந்தச் சாதாரணக் கண்ணாடி அவளுக்குக் கிடைக்க ஆறு மாதம் ஆனது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மேலகரத்தில், தறியில் நெடுக்காக ஓடும் பாவு இழைகளைப் பிணைப்பது அவள் வேலை. ஒரு பாவு நெய்து முடிந்ததும் இழைகள் கோத்த சீப்புப் போன்ற அச்சைத் தறியிலிருந்து கழற்றி வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாக விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். இரண்டாயிரத்துச் சொச்சம் இழைகள். பதினாறு வயதிலிருந்து அவள் கை பிசகியதில்லை. அந்த வேலை இருக்கும்வரை அவள் யாருடைய சோற்றுக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஐம்பத்தெட்டாம் வருடம் ஆடியில் கணவர் மைதீன் இறந்தார். கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்க வேண்டிய இத்தாவில் நாலு மாதம் பத்து நாள் அவள் வீட்டுக்குள் இருந்தாள். அவள் வெளியே போகவில்லை, பாவு மட்டும் தவறாமல் உள்ளே வந்தது. தறிக்காரர் வேறு யாருமல்ல, மைதீனின் தம்பி கிதிர் முகம்மதுதான். இழை மங்குகிறது என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அவரிடம் சொன்னாள்.

"அண்ணன் கண்ணாடி சும்மாதான கெடக்கு மைனி. போட்டுக்கிடுங்க. அவுகளுக்கு நல்லாத் தெரிஞ்சிச்சே."

செத்தவர் குடை, செத்தவர் செருப்பு வரிசையில் கண்ணாடியும் சேர்ந்துவிட்டது. மைதீனுக்குச் சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வை. அவர் கண்ணாடி தூரத்தில் உள்ளதைப் பார்க்கச் செய்தது. அதைப் போட்டதும் அவளுக்கு இழைகள் இன்னும் கரைந்தன. தலை வலித்தது. கவலையால் வருகிற வலி என்றார்கள் பெண்கள். அவளும் நம்பினாள். மூன்றாவது பாவில் பதினோரு இழைகள் மாறிப்போயின.

இத்தா முடிந்த அன்று கிதிர் முகம்மதுவின் மருமகள் ஷமீம் பானு வாய் தவறிச் சொன்னாள்: "வைத்தியத்துக்குப் போறதுக்குத் இத்தாவுல தடை இல்லேன்னு பள்ளிவாசல் ஆலிம்சா அப்பவே சொல்லி விட்டாவளே. மாமா உங்ககிட்ட சொல்லலையா?"

மறுநாளே தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அந்தக் கண்ணாடியை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

"யாரும்மா இதைக் குடுத்தது?"

"எங்க வீட்டுக்காரவுக போட்டது."

"அவர் கண்ணையும் சேத்துக் குடுத்துட்டுப் போனாரா? உங்களுக்கு வேண்டியது இதுக்கு நேர் எதிரும்மா. இதைப் போடாம இருந்தாலே கொஞ்சம் நல்லாத் தெரிஞ்சிருக்கும். கண்ணு கெடல, பயப்படாதீங்க."

கண் கெடவில்லை என்றதும் அவளுக்கு நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நேரே கிதிர் முகம்மதுவின் தறிக்கூடத்துக்குப் போய்க் கதவோரம் நின்றாள்.

"ஆலிம்சா சொன்னதை ஏன் மறைச்சீய?"

"இப்ப என்ன மைனி குடி முழுகிட்டு? இனி ஷமீம் பானு பிணைச்சுக்கிடுவா. உங்களுக்குச் சோறு போட நான் இல்லையா?"

"சோறா கேட்டேன்? ஏன் மறைச்சீயன்னு கேக்கேன்."

"நீங்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு அலைஞ்சா பாவை யாரு பாப்பா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. நெய்துகொண்டிருந்தவர்கள் தறியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து, பாதி பிணைத்த அச்சை அவர் வாசலுக்கே திருப்பி அனுப்பினாள்.

திருநெல்வேலியிலிருந்து புதுக் கண்ணாடி வந்ததும், வடகரைத் தறிக்காரர் துல்கர்னைன் தன் பாவை அனுப்பினார். மாமனாரின் பாவில் ஷமீம் பானு இருநூறு இழைகூடத் தாண்டவில்லை. இரண்டு வாரம் கழித்து, அச்சும் கையுமாக ஹைருன் பீவியின் வாசலில் வந்து நின்றார் கிதிர் முகம்மது.

"கோவத்தை விடுங்க மைனி. ரெண்டு தறி சும்மா நிக்கி."

துல்கர்னைனின் பாவிலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை.

"வெளிச்சத்தை மறைக்காதீய. தள்ளி நில்லுங்க."