கல்லுப்பு போட்ட ஐஸ் பெட்டி

ரெமிஜியஸுக்குத் தெரிந்த விஞ்ஞானம் மொத்தமும் ஷார்ஜாவில் ஒரு மீன் கிடங்கின் குளிரறையில் பதினோரு வருடம் நின்று கற்றது: ஐஸில் கல்லுப்பைப் போட்டால் குளிர் இன்னும் ஏறும். அதை மூலதனமாக்கி 2004இல் கும்பகோணத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் திறந்தார். ஏசி, கண்ணாடிக் கதவு, வெள்ளைக் கோட்டு. அந்தக் கோட்டுக்காக அவர் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. யாராவது "டாக்டர்" என்று கூப்பிட்டால் மறுத்ததும் இல்லை. வேலை முழுக்க டெக்னீஷியன் ராஜாத்தியுடையது.

2016இல் வலங்கைமான் ஹஃப்ஸாவின் ஐந்து வயது மகள் ஆஷிகா காய்ச்சலோடு கும்பகோணம் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். சிவந்த கண், வெடித்த உதடு. குழந்தைகளின் இதயக் குழாய்களை வீங்கவைக்கும் காவசாகி நோய் என்றார் மருத்துவர். ஹஃப்ஸாவின் மூத்த மகன் அன்சாருக்கும் இதே அடையாளங்கள்தான். அம்மை என்று சொல்லிச் சொல்லியே அவனைச் சாகவிட்டார்கள்.

இந்த நோயை எது கிளப்பிவிடுகிறது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தேடிய சென்னை ஆய்வுக்குழு ஒன்று டெல்டாவில் ரத்தம் சேகரிக்க ரெமிஜியஸை அமர்த்தியிருந்தது. கிருமியை எதிர்க்கும் புரதத்தைச் சுரக்கும் செல்கள் காய்ச்சல் நாட்களில்தான் ரத்தத்தில் நிறையத் திரியும். அவற்றை உயிரோடு பிடித்து, புரதத்துக்கான மரபணுவை நகலெடுத்து, அதே புரதத்தைச் செய்து, அது எந்தக் கிருமியைப் போய்ப் பற்றுகிறது என்று பார்ப்பார்கள். மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறைதான் ரத்தம் எடுக்க முடியும்.

"என் மவனைக் கொண்டுபோனது எதுன்னு தெரியணும், எடுத்துக்கங்க அக்கா" என்றார் ஹஃப்ஸா. ராஜாத்தி எடுத்தார்.

ஐஸ் கூடாது, அறை வெப்பத்தில் அனுப்புங்கள் என்று குழு தந்த தாளை ராஜாத்தி படித்தே காட்டினார்.

"பதினோரு வருஷம் குளிரறையில நின்னவன் நான். நீ போய் அடுத்த ஆளைப் பாரு" என்றார் ரெமிஜியஸ். உப்பு கலந்த ஐஸில் குழாயைப் புதைத்து, பெட்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டு, காலை பஸ்ஸில் அனுப்பினார்.

ரத்தம் ஐஸ் கட்டியாய் உறைந்து செல்கள் எல்லாம் வெடித்துச் செத்துவிட்டன என்று சென்னையிலிருந்து போன் வந்தது.

மருந்தில் பிழைத்த ஆஷிகாவோடு ஹஃப்ஸா முடிவு கேட்க வந்தபோது, பிள்ளையின் ரத்தத்தில் சத்து இல்லை என்று கூசாமல் சொன்னார் ரெமிஜியஸ். ராஜாத்தி குழு தந்த அந்தத் தாளை ஹஃப்ஸாவிடம் நீட்டி, ஷார்ஜா மீன் கிடங்குக் கதையோடு நடந்ததைச் சொன்னார். ஹஃப்ஸா நின்றபடியே அதைப் படித்தார். ஐஸ் பெட்டியோடு ரெமிஜியஸ் நிற்க, சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார்.

"ஷார்ஜாவுல மீனாவது செத்த பிறகுதான் சார் உங்க கைக்கு வந்துச்சு."

ரெமிஜியஸ் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னார்.