அண்ணன் பேசிய கேசட்

பார்சலைப் பிரித்ததும் முதலில் வெளியே வந்தது வாசனைதான். புது ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனையை இதற்கு முன் நான் தேவாரம் ஊரில், எங்கள் வீட்டு முன்னறையில்தான் முகர்ந்திருக்கிறேன். துபாயிலிருந்து வந்த சித்தப்பா பெட்டியைத் திறந்த நாள் அது. எல்லோரும் சென்ட் பாட்டிலுக்கும் தலைவலித் தைலத்துக்கும் மொய்த்துக்கொண்டிருக்க, என் அண்ணன் ஜெரால்டு மட்டும் அடியில் கிடந்த ஒரு தட்டையான கறுப்புச் சாமானை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதன் பிறகு சாப்பிடக் கூப்பிட்டாலும் அவனுக்குக் காது கேட்கவில்லை.

அது ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றதும் நீங்கள் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திரை கிடையாது, ரப்பர் கட்டைகள் வைத்த கீபோர்டு மட்டும்தான். டிவியில் மாட்டினால்தான் எழுத்துத் தெரியும். டிவியோ அப்பாவுடையது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். செய்தி முடிகிற வரை டிவிப் பக்கம் ஈ கூடப் போகாது. செய்தி முடிந்ததும் கரண்டு போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில்தான் அண்ணன் அந்த யந்திரத்தைக் கற்றுக்கொண்டான். எப்படிக் கற்றான் என்பது எனக்கு இன்று வரை ஆச்சரியம்தான்.

அவனே ஒரு விளையாட்டும் எழுதினான். ஓடைப்பட்டியில் எங்கள் மாமாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. பரீட்சை லீவில் போனால், பந்தலில் பழம் கொத்த வரும் குருவிகளைத் தகர டப்பாவைத் தட்டி விரட்டுவது எங்கள் வேலை. அதையே விளையாட்டாக்கிவிட்டான். ஆங்கில ஓ எழுத்துதான் பழம், வி எழுத்துதான் குருவி. நான் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. நான் ஜெயிக்கக் கூடாது என்றே எழுதியிருந்தான் என்பது என் சந்தேகம்.

எழுதியதைச் சேமித்து வைக்க அந்த யந்திரத்துக்குள் இடமில்லை. டேப் ரெக்கார்டரை இணைத்து, கேசட்டில் பதிய வேண்டும். பதிந்ததைப் போட்டுக் கேட்டால் கீச்சென்று ஒரே கூச்சலாக இருக்கும். "எலியப் பிடிச்சு வாலத் திருகுன மாதிரி" என்பாள் அம்மா. கேசட்டில் எது எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரும் பாடு. அதற்காக ஒவ்வொன்றுக்கும் முன்னால் அண்ணன் வாயாலேயே ஒரு அறிவிப்பைப் பதிந்துவைப்பான். அந்தோணியார் திருவிழா மைக்செட்காரர் குரல் அவனுக்கு அப்படியே வரும்.

"அன்பார்ந்த பொதுமக்களே, அடுத்ததா வர்றது திராட்சைப் பந்தல். எழுதுனது ஜெரால்டு. ஏ கழுத, இருமாம இரு!"

கழுதை நான்தான். எனக்கு அப்போது வருஷம் முழுக்கச் சளி.

மதுரையில் கல்லூரி சேர்ந்த இரண்டாம் வருஷம் மஞ்சள் காமாலை வந்து அவன் போய்விட்டான். ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் இப்போதும் என்னால் முடியவில்லை.

அப்பா அந்தக் கம்ப்யூட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டார். கேசட்டை மட்டும் அம்மா பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவன் போட்டோ உண்டு, சட்டை உண்டு. குரல் வேறு எதிலும் இல்லை. அம்மா அதைப் போட்டுக் கேட்கவே இல்லை. முதலில் மனசு தாங்காது என்றாள். தாங்கும் என்று தோன்றிய காலத்தில் டேப்பில் பூஞ்சை பிடித்துவிட்டது. நாங்கள் பழனிசெட்டிபட்டிக்கு வந்த பிறகு ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "ஓட விட்டா அறுந்துரும்க்கா, நான் தொட மாட்டேன்" என்று திருப்பித் தந்துவிட்டார்.

அப்போதுதான் இன்டர்நெட்டில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். அண்ணனிடம் இருந்த அதே கம்ப்யூட்டரை அச்சு அசலாகத் திரும்பச் செய்யப்போகிறார்களாம். வெளிநாட்டில் அதற்கென்று ரசிகர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் முன்கூட்டியே காசு போட்டால், சேர்ந்த காசில் செய்து அனுப்புவார்கள். கொஞ்சம் கூடுதலாகப் போட்டால், உங்கள் பழைய கேசட்டை வாங்கி அதிலிருப்பதையும் மீட்டுத் தருவார்கள்.

"சாமானே இல்லாம காசு குடுக்குறதா?" என்றாள் அம்மா.

"தேர் செய்ய ஊரே வரி போடுறதில்லையா? அது மாதிரிம்மா."

"தேருன்னா ஃபாதர் இருக்காக, போயிக் கேக்கலாம். இவுகள எங்கன போயிக் கேக்குறது?"

கேட்டாளே தவிர, கேசட்டை அவளேதான் எடுத்து வந்தாள். பழைய பட்டுச்சேலைத் துண்டில் சுற்றி, சிலுவை போட்டு என் கையில் தந்தாள்.

பிறகு மாதா மாதம் மெயில் வந்தது. சிப் கிடைக்கவில்லை, மன்னிக்கவும். அச்சு சரியாக விழவில்லை, மன்னிக்கவும். நான் வாசித்துச் சொல்லுவேன். "நல்ல மனுசருக போல. மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்காக" என்பாள் அம்மா. தினமும் ஜெபமாலை முடிவில் அந்தக் கம்பெனிக்கும் ஒரு ஜெபம் சேர்ந்தது.

இதோ, வந்துவிட்டது. டிவியில் மாட்டினேன். அம்மா முகம் கழுவி, சேலை மாற்றி, காது மெஷினைத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கூடவே வந்த மெமரி கார்டைச் செருகியதும் விளையாட்டு எடுத்த எடுப்பில் வந்து நின்றது. பந்தல், பழங்கள், வி வி-யாகப் பறக்கும் குருவிகள். ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.

"எப்பத்தா பேசுவான்?" என்றாள் அம்மா.

நான் பெட்டியில் இருந்த துண்டுக் காகிதத்தை எடுத்து வாசித்தேன். உங்கள் டேப் மிகவும் மோசமான நிலையில் இருந்தது. ஒரு முறை ஓட்டியதுமே அதன் பூச்சு உதிர்ந்துவிட்டது. ஆனால் கவலை வேண்டாம், விளையாட்டை முழுமையாக மீட்டுவிட்டோம். இடையில் இருந்த பேச்சு, இருமல் போன்ற இரைச்சலையெல்லாம் நீக்கிவிட்டோம்.

அவர்கள் தந்த படிவத்தில் விளையாட்டின் பெயரைத்தான் எழுதியிருந்தேன். குரலைப் பற்றி எழுதத் தோன்றவில்லை. கேசட்டை ஓட விட்டால் எல்லாம்தானே வரும் என்று இருந்துவிட்டேன். உடனே மெயில் போட்டேன். அந்த மனிதரும் உடனே பதில் எழுதினார். சுத்தம் செய்யாத பதிவை அழித்துவிட்டாராம். மன்னிக்கவும் என்று முடித்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விவரத்தைச் சொன்னேன். அம்மா அழவில்லை. திரையில் யாரும் விரட்டாத குருவிகள் பழங்களை ஒவ்வொன்றாகத் தின்று தீர்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் என்ன சொல்லுவான்னு ஒனக்குத் தெரியும்ல? அவன மாதிரியே ஒருக்கச் சொல்லு."

சொன்னேன். வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இல்லத்தா. அவன் இப்பிடி இழுக்க மாட்டான்."

இழுக்காமல் சொல்லிப் பார்த்தேன். கட்டைக் குரலில் சொல்லிப் பார்த்தேன். அம்மா தலையை அசைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தானே சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அதுவும் அவன் இல்லை.